புதிதாக வந்த ஹாரிஸ் பருந்து கையில் சாப்பிட மறுக்கிறது: பட்டினி போடலாமா?

வேட்டைக்குப் பழக்குவதற்காக 18 வாரமான பெண் ஹாரிஸ் பருந்து ஒன்றை வாங்கி வந்து 5 நாள் ஆகிறது, கையுறையில் ஏற்றினால் உடனே பாய்ந்து தலைகீழாகத் தொங்குகிறது, கறியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, தெரிந்தவர் ஒருவர் “பசித்தால் தானாக வழிக்கு வரும், இன்னும் ஒரு வாரம் பட்டினி போடு” என்கிறார், கயிறில்லாமல் எப்போது பறக்கவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பறவையைப் பசியால் பழக்க முடியுமா, முடியும் என்றால் எவ்வளவு பசி? சுருக்கமான பதில், பசி உதவும், ஆனால் பயம் தணிந்த பிறகுதான் உதவும். பயம் அப்படியே இருக்க எடையை மட்டும் இறக்கிக்கொண்டே போனால், பழகுவதற்கு முன்பே பறவை மெலிந்து விழுந்துவிடும். நான் இங்கிலாந்தில் பல வருடமாக ஹாரிஸ் பருந்துகளை வைத்து முயல் வேட்டைக்குப் பறக்கவிடுகிறேன். இடையில் ஒரு பறவை மையத்தில் புதிதாக வரும் பறவைகளைக் கைக்குப் பழக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். கால்நடை மருத்துவர் அல்ல. உங்கள் பறவையை நான் பார்க்கவும் இல்லை. அதனால் எது நிச்சயம், எது பறவைக்குப் பறவை மாறும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பறவையை எடை போடுங்கள். தராசு ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். கையிலேயே நிற்காத பறவை தராசில் எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். வாங்கி வந்த பெட்டியில் விட்டுப் பெட்டியோடு எடை பார்த்து, பெட்டியின் எடையைக் கழித்துவிடுங்கள். கால் வார் (காலில் கட்டும் தோல் பட்டை), ஸ்விவல் (வாரும் கயிறும் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் வளையம்) எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் எண்ணுக்கு அர்த்தமில்லை. பெண் ஹாரிஸ் பருந்து பெரும்பாலும் 850 முதல் 1,100 கிராம் வரை இருக்கும். ஆண் அதைவிட நன்றாகவே சிறியது. ஆனால் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே கூட்டில் பிறந்த இரண்டு பெண் பறவைகளில் ஒன்றுக்கு 900 கிராம் நல்ல உடம்பாகவும் இன்னொன்றுக்கு அதே 900 ஆபத்தாகவும் இருக்கும். ஆகவே எடையோடு மார்பையும் தொட்டுப் பாருங்கள். மார்பின் நடுவில் கப்பலின் அடிக்கட்டை போல ஓர் எலும்பு ஓடும். அதன் இரு பக்கமும் விரல் வைத்துத் தடவும்போது சதை எலும்பின் விளிம்பு வரை நிரம்பி, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் பறவை கொழுப்பாக இருக்கிறது. எலும்பு தெளிவாகத் தட்டுப்பட்டாலும் இரு பக்கமும் சதை உருண்டு சரிந்தால் நல்ல நிலை. எலும்பு கத்தி விளிம்பு போலக் கூராகத் துருத்தி, பக்கங்கள் குழிந்திருந்தால் பழக்குவதைப் பற்றியே நினைக்காதீர்கள், அது அவசர நிலை.

அப்படிக் குழிந்திருந்தாலோ, பறவை பகலில் இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடினாலோ, எச்சம் அடர் பச்சையாகவே வந்துகொண்டிருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, இன்றே பறவை மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்காக இருந்தால் வேட்டைப் பறவைகளைப் பார்ப்பவர் யார் என்று அவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். இன்னொரு அறிகுறியைப் பலர் நல்ல செய்தி என்று நினைத்து ஏமாறுகிறார்கள்: நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த பறவை இன்று திடீரென்று சாதுவாகக் கையில் நிற்பது. சாப்பிடாமலேயே சாதுவான பறவை பழகிய பறவை அல்ல, தெம்பு போன பறவை. மெலிந்துபோன பறவைக்கு அவசரப்பட்டு முழுக் கோழிக்குஞ்சு ஒன்றை ரோமத்தோடும் எலும்போடும் போட்டுவிடவும் கூடாது. கழுத்தடியில் இருக்கும் இரைப்பை அதைக் கீழே தள்ளும் சக்தியில்லாமல் அங்கேயே புளித்து அழுகவிடும், அதுவே உயிரை எடுத்துவிடும். ரோமமும் எலும்பும் இல்லாத, தண்ணீரில் நனைத்த சின்னச் சின்னக் கறித்துண்டுகள்தான், அதுவும் மருத்துவரிடம் போகிற வழியில் செய்யும் முதலுதவியாக மட்டும்.

சரி, உங்கள் பறவை அந்த நிலையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 18 வாரம் தாய் தந்தையோடு இருந்து வளர்ந்த ஹாரிஸ் பருந்து நன்றாகக் கொழுத்துத்தான் வரும்; அப்படி வந்தது சில நாள் சாப்பிட மறுப்பது வழக்கமானதுதான். அத்தனை வாரம் பெற்றோருடன் விடப்பட்டிருந்தது உங்கள் அதிர்ஷ்டம். சீக்கிரமே பிரித்து மனிதர் கையால் ஊட்டி வளர்த்தவை மனிதரையே தாயாக நினைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்தும், பெரிதானதும் முகத்தில் பாயவும் தயங்காது. உங்களுடையது மனிதரைக் கண்டு பயப்படுகிறது. பயத்தைப் போக்கிவிடலாம், அந்தக் கத்தலைத்தான் நிறுத்தவே முடியாது.

அது ஏன் சாப்பிடவில்லை என்பதைப் பறவையின் பக்கத்திலிருந்து பாருங்கள். கையுறையில் இருக்கும் கறியைக் கொத்த வேண்டுமானால் அது தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் உங்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். தன்னைக் கொல்லப் போகிறது என்று அது நம்பும் ஒரு பிராணியின் கையில் நின்றுகொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எந்தப் பறவைக்கும் துணிவு வராது. பசி எவ்வளவு இருந்தாலும் வராது. முதல் வாய் கறியைக் கொத்துவதற்கு இவ்வளவு நாள் ஆவது இதனால்தான். அந்த முதல் வாய்க்குப் பிறகு எல்லாம் வேகமாக நடப்பதும் இதனால்தான். “பட்டினி போடு” என்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். பசி அந்தத் துணிவை எட்டுவதற்கு ஒரு படி கொடுக்கும். அவ்வளவுதான். குனிவது பாதுகாப்பு என்று அதற்குப் புரியவைப்பது உங்கள் வேலை.

அதற்கு நான் செய்வது இது. சாயங்காலம், வீட்டில் ஓர் அறை, மங்கலான வெளிச்சம். ஒருநாள் குஞ்சு (தீனியாகக் கொடுக்கும், பொரிந்து ஒரு நாளே ஆன செத்த கோழிக்குஞ்சு) ஒன்றைப் பிளந்து, சிவப்புச் சதை தெரியும்படி கையுறைக்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பறவையின் பாதத்தை ஒட்டிப் பிடியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டிச் செங்கோணத்தில் மடக்குங்கள், கை ஆடக் கூடாது. பறவையை நேராகப் பார்க்காதீர்கள். நேர்ப் பார்வை என்பது அதற்கு வேட்டைக்காரனின் பார்வை. பக்கவாட்டில் உட்கார்ந்து, சத்தம் குறைத்த டிவியைப் பாருங்கள், அல்லது எதையாவது படியுங்கள். அது பாயும், தலைகீழாகத் தொங்கும். பதறாமல், திட்டாமல், மறு கையை அதன் முதுகுக்கோ மார்புக்கோ கீழே கொடுத்து மெதுவாகத் தூக்கிக் கையுறையில் மறுபடி நிறுத்துங்கள். ஆட்டியோ சுழற்றியோ ஏற்றாதீர்கள், காலும் இடுப்பும் பிடிபடும். தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் கூடாது. தானே ஏறக் கற்றுக்கொள்வது சில நாள் கழித்து வரும். ஒரேயடியாக விடாமல் பாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும், பெர்ச்சில் (பறவை உட்காரும் தாங்கியில்) விட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.

நீங்கள் கண்ணின் ஓரத்தால் பார்க்க வேண்டியது அதன் இறகுகளை. பயந்த பறவையின் இறகு உடம்போடு இறுக ஒட்டியிருக்கும், அது ஒல்லியாக, உயரமாக, கழுத்தை நீட்டி நிற்கும், கால் நகங்கள் கையுறையைக் கவ்வியிருக்கும். அரை மணியோ ஒரு மணியோ போன பின் வயிற்று இறகு கொஞ்சம் தளரும். நகப்பிடி தளர்வதைக் கையிலேயே உணரலாம். அப்புறம் ஒரு கட்டத்தில் உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து உதறி மறுபடி படியவிடும். அந்த உதறலைப் பார்த்துவிட்டால் அன்றைய பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு கறியை மெல்ல அசைத்து அதன் விரல்களின் மேல் படும்படி செய்யுங்கள். காலில் ஏதோ ஊர்கிறது என்ற எரிச்சலில் சட்டென்று குனிந்து ஒரு கொத்து கொத்தும், அலகில் ருசி படும், உடனே நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். நீங்கள் அசையவே கூடாத நொடி அது. ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டால் இரண்டாம் கொத்து வரும். ஒருமுறை கிழித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டால் அந்த முதல் சாப்பாட்டை அளவு பார்த்து நிறுத்தாதீர்கள். கையிலிருப்பதைத் தின்று முடிக்கட்டும். முடித்ததும் அலகைக் கையுறையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டால், பயம் உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது முதல் நாள் சாயங்காலமே நடக்கலாம், ஆறாம் நாளும் நடக்கலாம். நாள் கணக்கைக் கேட்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒன்றும் தின்னாத பெண் ஹாரிஸ் பருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 25 கிராம் வரை இழக்கும், குளிர்நாளில் அதிகம். வந்த அன்று 1,040 கிராம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதம் குறைந்தால் 936, 15 சதவீதம் குறைந்தால் 884. கொழுத்து வந்த பறவைக்கு இந்த 10–15 சதவீதத்துக்கு உள்ளேயே பெரும்பாலும் பசி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். நீங்கள் வாங்கியபோதே அது ஒல்லியாக இருந்தது என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அதனால்தான் மார்பெலும்பைத் தொடச் சொன்னேன். 10 சதவீதத்தைத் தாண்டியும் கையில் ஒரு கொத்துக்கூட இல்லையென்றால் மேலும் இறக்கிப் பார்க்காதீர்கள். பெர்ச்சின் அடியில் கறியை வைத்துவிட்டு, அது தனியாகத் தின்னட்டும் என்று அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள், எடையைப் பிடித்து நிறுத்துங்கள், உங்கள் பழக்கும் முறையை மாற்றுங்கள். பிரச்சினை பசியில் இல்லை, அறையிலோ வெளிச்சத்திலோ உங்கள் அசைவிலோ இருக்கிறது. தின்ன ஆரம்பித்த பிறகு எடையை நிலையாக வைக்க இந்த அளவுப் பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று ஒருநாள் குஞ்சு வேண்டியிருக்கும், குஞ்சு ஒன்று 35–40 கிராம். குஞ்சையே நாள்தோறும் போடாமல் காடையும் முயலும் மாற்றிக் கொடுங்கள். துப்பாக்கியால் சுட்ட முயல், புறா எதையும் கொடுக்காதீர்கள். ஈயத் துணுக்கு ஒன்று வயிற்றுக்குள் போனாலே விஷம். காட்டுப் புறா சுட்டதல்ல என்றாலும் வேண்டாம், அதன் தொண்டையில் வரும் நோய் பருந்துக்கும் தொற்றும்.

ரோமமும் எலும்பும் தின்றிருந்தால் மறுநாள் காலையில் அவற்றை ஓர் உருண்டையாகக் கக்கும். அதைக் கக்கும் முன் அடுத்த சாப்பாடு கொடுக்கக் கூடாது. பெர்ச்சின் கீழே அந்த உருண்டை கிடக்கிறதா என்று பார்ப்பதும், எச்சத்தைப் பார்ப்பதும் தினமும் காலையின் முதல் வேலையாக இருக்கட்டும். வெள்ளைக்கு நடுவே கறுப்பு இருந்தால் நலம். வெறும் வயிற்றோடு இருக்கும்போது கொஞ்சம் பச்சை தெரியும். தின்ற பிறகும் பச்சையாகவே இருந்தால் கவனிக்க வேண்டும். இதையும் எடையையும் தின்ற அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து யாரிடம் யோசனை கேட்டாலும் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

கையில் தயங்காமல் தின்கிறது என்றான பிறகு, சாப்பாட்டுக்குத் தானாக வர வைப்பது. பெர்ச்சில் நிற்கும் பறவையின் மார்புக்கு எதிரே கையுறையைக் கறியோடு நீட்டி, விசில் அடியுங்கள். முதலில் ஓர் அடி எடுத்துவைக்கும். பிறகு தாவும். பிறகு கயிற்றின் நீளத்துக்குப் பறந்து வரும். ஒவ்வொரு முறைக்கும் சுண்டு விரல் நகம் அளவு கறி போதும், கடைசி முறைக்குப் பெரிய துண்டு. அதன் ஆர்வம் குறைவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். விசில் அடித்துவிட்டு வெறுங்கையை ஒருபோதும் நீட்டாதீர்கள். தின்றுகொண்டிருக்கும் கறியைப் பிடுங்கவும் பிடுங்காதீர்கள். வேறு துண்டைக் காட்டி, அதற்கு மாறும்போது பழையதை மறைத்துவிட வேண்டும். பிடுங்கப்பட்ட பறவை அடுத்த முறை இறக்கைகளைக் குடைபோல விரித்துக் கறியை மூடிக்கொண்டு தின்னும். அந்தக் குடையை உங்கள் பறவை விரிக்க ஆரம்பித்தால், உங்களைத் திருடன் என்று அது நினைக்கிறது என்று பொருள். பிற்காலத்தில் முயலைப் பிடித்தபின் நீங்கள் அருகில் போகும்போது முயலை இழுத்துக்கொண்டு ஓடும் பழக்கமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதே நாள்களில் அது வாழப் போகும் உலகத்தையும் காட்டிவிடுங்கள். குழந்தைகள், கார், குடை, சைக்கிள், முக்கியமாக நாய். அமெரிக்காவின் அரிசோனா, டெக்ஸஸ் பகுதியிலிருந்து தெற்கே சிலி, அர்ஜெண்டினா வரை இந்த இனம் காட்டில் வாழ்கிறது, அங்கே குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடும். வேட்டைப் பறவைகளில் இது அபூர்வமான குணம். நம்மோடும் நாயோடும் கூட்டாளியாகச் சேர்ந்துகொள்வது அதனால்தான். ஆனால் நாய் போன்ற உருவத்தைக் கண்டால் பகை என்று நினைப்பதும் அதன் இயல்பிலேயே இருக்கிறது. முதல் மாதத்திலேயே நாயைத் தூரத்தில் கட்டிவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே கையில் தின்னப் பழக்காவிட்டால், பிறகு நாயின் முகத்தில் நகம் பதியும். வெளியே கட்டும்போது தரையில் குத்தும் வளைந்த பெர்ச், நிழல், குளிக்க அகலமான தட்டில் தண்ணீர். கயிறு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் வேகம் எடுத்துப் பாய்ந்து முனையில் வெட்டி இழுத்துக் கால் முறியும். நரியும் பூனையும் வரும் இடத்தில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

அடுத்து நீளக் கயிற்றில் பறப்பது. ஏறக்குறைய 30 மீட்டர், மெல்லிய உறுதியான கயிறு. புல் குட்டையாக வெட்டிய திறந்த மைதானம் வேண்டும். ஒற்றைப் புதர் இருந்தாலும் கயிறு அதில்தான் சிக்கும். மறுமுனையைத் தரையில் அடித்து இறுக்காமல் ஒரு கட்டையில் சுற்றிப் போடுங்கள், பறவை தாண்டிப் போனாலும் கட்டை இழுபட்டு மெதுவாக நிற்கும். நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள். கூப்பிட்டதும் முதல் விசிலுக்கே, யோசிக்காமல், முழு நீளத்துக்கும் தொடர்ந்து சில நாள், அதுவும் ஒரே மைதானத்தில் மட்டுமல்லாமல் இரண்டு மூன்று இடங்களில் வருகிறது என்றால் கயிற்றைக் கழற்றலாம். நீங்கள் கேட்ட “எப்போது” என்பதற்கு என்னால் சொல்ல முடிந்த நேர்மையான பதில் இதுதான். பலருக்கு வாங்கியதிலிருந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் இந்த இடம் வந்துவிடுகிறது. உங்களுக்குப் பத்து வாரம் ஆனாலும் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கழற்றும் நாளில் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலில் இருக்கும் துளையுள்ள வாரை எடுத்துவிட்டுத் துளையில்லாத வாரை மாட்டுங்கள். துளையுள்ளது மரக்கிளையில் மாட்டினால் பறவை அங்கேயே தலைகீழாகத் தொங்கிச் செத்துவிடும், யாரும் கண்டுபிடிக்கக்கூட மாட்டார்கள். மணியும், பறவை இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டரும் கட்டியிருக்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும். காற்றில்லாத நாள், காலை நேரம், தேடுவதற்குப் பகல் முழுக்க மிச்சமிருக்கும்படி. மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் கீழே ஓடாதீர்கள், கத்தாதீர்கள். காற்று வீசும் திசையைப் பார்த்துத் திறந்த இடத்தில் நின்று, கறியைக் காட்டி, விசில் அடித்து, காத்திருங்கள். புதுப் பறவைக்கு உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி வரத் தெரியாது. வர மனமிருந்தும் வரத் தெரியாமல்தான் பல நேரம் உட்கார்ந்திருக்கும். தள்ளி நின்று கூப்பிட்டால் சரிந்து இறங்கி வரும்.

பறக்க ஆரம்பித்த பறவையின் எடையை அதே இடத்தில் வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பறக்கப் பறக்கச் சதை கட்டும், சதைக்கும் எடை உண்டு. கூப்பிட்டால் வருவது குறையாத வரை சில கிராமாக ஏற்றிக்கொண்டே போங்கள். நன்றாகப் பழகிய ஹாரிஸ் பருந்து முதல் மாதத்து எடையைவிடக் கணிசமாக அதிகமான எடையில் நம்பகமாகப் பறக்கும். குளிர் வந்தால் இது இன்னும் முக்கியம். இது சூடான நிலத்துப் பறவை. உறைபனி இரவில் தரைப் பெர்ச்சில் வெளியே விட்டால் இறக்கை முனையில் நீர் கோத்து வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, முனையே காய்ந்து உதிர்ந்துவிடும். இங்கிலாந்தில் ஹாரிஸ் பருந்துகளுக்கு இது நன்கு தெரிந்த கோளாறு, வந்தபின் மருந்து பெரிதாக உதவாது. பனி இறங்கும் இரவில் உள்ளே, காற்றோட்டமும் உலர்ந்த தரையும் உள்ள இடத்தில், உயரமான பெர்ச்சில் விடுங்கள். வைக்கோல் மட்டும் போடாதீர்கள். ஈரமான வைக்கோலில் வளரும் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும், அதிலும் புது இடத்தின் அழுத்தத்தில் இருக்கும் பறவையைச் சீக்கிரம் பிடிக்கும்.

இதுவரை சொன்னவற்றில் அனுபவமுள்ளவர்களிடையே பெரிய சண்டை இல்லை. சண்டை இருக்கும் இடங்கள் வேறு. பறவையின் கண்ணை மறைக்கும் முகமூடி தேவையா என்பது ஒன்று. வல்லூறுகளுக்கு அவசியம், ஹாரிஸ் பருந்துக்கு இல்லாமலே பலர் சமாளிக்கிறார்கள். நான் பழக்கிவிடுகிறேன், கார்ப் பயணத்துக்கும் மருத்துவரிடம் போவதற்கும் உதவுகிறது. பெர்ச்சில் கட்டி வைப்பதா, அறையில் சுதந்திரமாக விடுவதா என்பது இன்னொன்று. பழக்கும் வாரங்களில் கட்டுவதும், பழகியபின் அறையில் விடுவதும் என் வழக்கம். இன்று பலர் தொடக்கத்திலிருந்தே கட்டாமல் பழக்குகிறார்கள், நன்றாகவே வருகிறது; ஆனால் அதற்கு அறை அமைப்பும் பொறுமையும் அதிகம் வேண்டும். எடையைக் குறைக்காமலேயே வெறும் பரிசுக் கறியால் பழக்க முடியும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஹாரிஸ் பருந்தில் அது முடிகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். முதல் பறவை வைத்திருப்பவருக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். எடை மேலேயே இருக்கும் பறவையின் உடல்மொழியைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால், முதல் நாள் பறத்தலிலேயே அது காட்டுக்குப் போய்விடும்.

சட்டமும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் பருந்து வைத்துக்கொள்ள லைசன்ஸ் கிடையாது. அமெரிக்காவில் தேர்வு எழுதி, அனுபவமுள்ள ஒருவரின் கீழ் இரண்டு வருடம் பயிற்சி முடித்தால்தான் அடுத்த நிலை. இங்கே அது இல்லாததால் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. காலில் மூட்டில்லாத மூடிய அடையாள வளையம் இருக்கிறதா, வளர்ப்பாளரின் பெயரும் பொரிந்த தேதியும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு பறவை வைத்திருந்தாலும் விலங்கு தாவர நலத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும், பறவைக் காய்ச்சலுக்காக. புதிதாக வாங்கியவருக்கு ஒரு மாத அவகாசம். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி தேவையான உணவு தராமல் வாட வைப்பது குற்றம். உங்கள் நண்பர் சொல்லும் “இன்னும் ஒரு வாரம்” அதற்குள்தான் வரும். பறக்கவிடும் நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். இதை ஊரில் இருந்து படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வல்லூறு, பருந்து எதையும் காட்டிலிருந்து பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறையிடம் கொடுங்கள், இங்கே எழுதியதை வைத்து வளர்க்க முயலாதீர்கள்.

உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது, பக்கத்தில் குறைந்தது சில பருவம் ஹாரிஸ் பருந்து பறக்கவிட்ட ஒருவர். மார்பெலும்பைத் தொட்டு “இது சரி, இது குறைவு” என்று சொல்ல அவர் விரல்தான் வேண்டும், எழுத்தில் அதைக் கற்றுத்தர முடியாது. பறவையை விற்ற வளர்ப்பாளருக்கே முதலில் போன் செய்யுங்கள்; அது அங்கே என்ன தின்றது, எந்த எடையில் கிளம்பியது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதுவரை இன்றைய எடை, மார்பின் நிலை, எச்சத்தின் நிறம், வந்த அன்றைய எடை தெரிந்தால் அதுவும், இங்கேயே எழுதுங்கள். இன்றிரவு கையில் எவ்வளவு கொடுக்கலாம், பெர்ச்சில் வைத்துவிடலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.